தங்கையின் மாப்பிள்ளைக்கு ரொலெக்ஸ்: முகநூலில் 38,500 ரூபாய்க்கு வருவதை வாங்கலாமா?

உவர்மலை அண்ணன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஆவணியில் என் தங்கைக்குத் திருமணம், இங்கே திருகோணமலையில்தான். மாப்பிள்ளை சுவிட்சர்லாந்தில் இருக்கிறார். திருமணம் முடிந்து சில வாரங்களில் அவர் திரும்பிப் போய்விடுவார். விசா கிடைத்ததும் தங்கையும் போவாள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எனவே மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கட்டிவிடுகிற பொறுப்பு என் தலையில். ஒரு லட்சம் ரூபாய் வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

முகநூலில் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். ரொலெக்ஸ் சப்மரினர், கறுப்பு டயல். “மாஸ்டர் கொப்பி” என்றால் 38,500 ரூபாய், “சுவிஸ் மெஷின்” போட்டது என்றால் 145,000 ரூபாய். பெட்டி, பச்சை உத்தரவாத அட்டை, பற்றுச்சீட்டு எல்லாம் சேர்ந்து வருமாம். “கடைக்காரராலும் கண்டுபிடிக்க முடியாது” என்று எழுதியிருக்கிறார்கள். பாதிக் காசை முதலில் வங்கிக் கணக்கில் போட வேண்டும், மீதியைப் பார்சல் கைக்கு வரும்போது கொடுக்கலாம்.

அது அசல் இல்லை என்பது எனக்குத் தெரியும். சபையில் கட்டிவிடும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டும், சில வருடங்களாவது ஓட வேண்டும். அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு. பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களா? இந்தப் பக்கத்தை நம்பலாமா? விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

தம்பி, தங்கையின் திருமணம் நல்லபடி நடக்கட்டும். நான் மத்திய வீதிப் பக்கம் மணிக்கூடு திருத்துகிறவன். அப்பாவுக்கும் இதே தொழில்தான். நீங்கள் சொல்கிற மாதிரி மணிக்கூடுகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. படத்தைப் பார்த்து எதையும் சொல்லவில்லை. பின்மூடியைத் திறந்து கண்டதைச் சொல்கிறேன்.

38,500 ரூபாய் மணிக்கூட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் மலிவான சீன ஓட்டோமெட்டிக் மெஷின். சீனாவில் செய்தது என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. அங்கே நேர்த்தியாக மெஷின் செய்கிற தொழிற்சாலைகளும் உண்டு. போலிக்குள் வருவதை யாரும் பரிசோதித்து அனுப்புவதில்லை என்பதுதான் குறை. சக்கரங்களின் அச்சுகளைத் தாங்கும் சின்னக் கற்களில் ஒன்றில் எண்ணெய் குளமாக நிற்கும், பக்கத்துக் கல் காய்ந்து கிடக்கும். மெஷின் இருக்கும் கூட்டுக்குள் உலோகத்தூளைக்கூடக் கண்டிருக்கிறேன். இப்படிப்பட்டது முதல் சில வாரங்கள் ஒழுங்காக ஓடும். பிறகு நாளுக்குச் சில நிமிடங்கள் பிந்தத் தொடங்கும், பிறகு நிற்கும். ரொலெக்ஸ் நிறுவனம் தன் மணிக்கூடுகளுக்குச் சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு முன்னே போனாலும் பின்னே போனாலும் 2 செக்கன்.

நின்ற பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கிறது. “ஐயா, திருத்தித் தாருங்கள், எவ்வளவு என்றாலும் பரவாயில்லை” என்று கொண்டுவருவார்கள். உதிரிப்பாகத்துக்கு நான் எங்கே போவது? மெஷினில் செய்தவரின் பெயர் இருக்காது, இருந்தாலும் அது பொய்ப் பெயர். முழு மெஷினையும் மாற்றலாம் என்று பார்த்தால், ஒன்றுக்குச் செய்த முள் இன்னொன்றின் அச்சில் உட்காராது. டயலின் கால்கள் துளைகளுக்கு நேரே வராது. திகதிச் சக்கரம் சாளரத்துக்கு நேரே நிற்காமல் எண்ணைப் பாதியாகக் காட்டும். நிறுவனத்தின் சேவை நிலையங்கள் போலியைத் தொடவே மாட்டா. ஆகவே “சில வருடங்களாவது” என்ற உங்கள் எதிர்பார்ப்புக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

145,000 ரூபாய்ப் பேச்சு எனக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது. “சுவிஸ் மெஷின்” என்று அவர்கள் சொல்வது, சுவிஸ் மெஷினின் வடிவத்தைப் பார்த்துச் சீனாவில் செய்த பிரதியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் சட்டப்படி டயலில் “சுவிஸ் மேட்” என்று போட வேண்டுமானால் மெஷின் சுவிஸ் மெஷினாக இருக்க வேண்டும், அந்த நாட்டிலேயே பொருத்திச் சோதித்திருக்க வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 வீதம் அங்கேயே ஆகியிருக்கவும் வேண்டும். போலிக்காரர் அந்த இரண்டு சொல்லையும் மையால் அச்சடித்துவிடுகிறார். திகதி இல்லாத உண்மையான சப்மரினரின் விலையே 9,000 அமெரிக்க டொலருக்கு மேல். ரொலெக்ஸ் தன் புதிய மணிக்கூடுகளை இணையத்தில் விற்பதும் இல்லை. அதிகாரம் பெற்ற கடைகளுக்கு நேரில் போய்த்தான் வாங்க வேண்டும்.

கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியாதாம். பலவற்றை நான் திறக்காமலே சொல்லிவிடுவேன். சப்மரினருக்குப் பின்மூடி மூடிய உருக்கு. போலியில் மெஷின் தெரியட்டும் என்று கண்ணாடி வைத்திருப்பார்கள். உண்மையானதில் செக்கன் முள் ஒரு செக்கனுக்கு 8 தடவை அசையும், மலிவு மெஷினில் 6 தடவை. கைத்தொலைபேசியில் வேகத்தைக் குறைத்துப் படம் எடுத்தால் எண்ணிப் பார்க்கலாம். திகதி உள்ள வகையில், மேலே இருக்கும் சின்ன வில்லை எண்ணை இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும். போலியில் எண் சிறுத்துத் தெரியும். மூன்று சின்ன வட்டங்கள் உள்ள ரொலெக்ஸ் டேட்டோனா வகையைப் போலியாகச் செய்பவர்கள், கழிந்த நிமிடத்தையோ மணியையோ காட்ட வேண்டிய வட்டத்தைக் கிழமை காட்ட விட்டிருப்பார்கள். ஆனால் தம்பி, இவற்றை மனப்பாடம் செய்துகொண்டு “எல்லாம் சரியாக இருக்கிறது, வாங்கலாம்” என்று போய்விடாதீர்கள். விலை கூடிய போலிகள் இந்தச் சோதனைகளைத் தாண்டிவிடும். அவற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்தால் விற்றவர் திருப்பி எடுக்க மாட்டார்.

நம் ஊருக்கென்று ஒரு விடயமும் இருக்கிறது. டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கும். உள்ளே பின்மூடியின் றப்பர் வளையம் காய்ந்து கிடக்கும், சில வேளை வளையமே இருக்காது. திருமணத்துக்கு வந்தவர் உப்புவெளியில் கடல் குளிக்காமல் போவாரா? கன்னியாவுக்குப் போய் வெந்நீரை அள்ளி ஊற்றாமல் இருப்பாரா? மறுநாள் கண்ணாடிக்கு உள்ளே நீராவி படிந்திருக்கும். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் குமிழின் தண்டு துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு நேரத்தைக்கூட மாற்ற முடியாது. முலாம் தேய்ந்ததும் கீழே இருக்கும் நிக்கல் கலந்த உலோகம் வியர்வையோடு சேர்ந்து சிலருக்குத் தோலைச் சிவக்க வைக்கும். மணிக்கட்டில் வட்டமாகத் தடித்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பார்ப்பவர்கள் கண்டுபிடிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சபையில் இருப்பவர்கள் கண்டுபிடிக்காமல் போகலாம். கட்டிக்கொள்பவர் கண்டுபிடிப்பார். நின்றுபோனதும் அவர் அதை அந்த நாட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோவார். அந்தக் கடை மேசைக்கு முன்னால் அவருக்கு ஏற்படப்போகும் வெட்கத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் அவளுக்குத் தெரியவரும். இதற்கா நீங்கள் காசு சேர்த்தீர்கள்?

பீல் நகரத்து மூதூரான் எழுதியது:

ஐயா சொன்னதோடு இங்கிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். நான் சுவிட்சர்லாந்தில் பீல் என்ற நகரத்தில் இருக்கிறேன். ஒமேகாவின் தலைமையகம் இந்த ஊரில்தான், ரொலெக்ஸின் மெஷின்கள் செய்யப்படுவதும் இந்த ஊரில்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்காரராக இருப்பது இங்கே சாதாரணம்.

இந்த நாட்டில் 2008 ஜூலை 1 முதல், சொந்தப் பாவனைக்கென்றாலும் போலிப் பொருளைக் கொண்டுவருவது தடை. சுங்கத்தில் பார்த்தால் எடுத்துக்கொண்டு அழித்துவிடலாம். சூரிச் விமான நிலையத்தில் மாப்பிள்ளையின் கையில் புதுப் பளபளப்போடு ஒரு சப்மரினர் இருந்து, “இதற்கு வரி கட்டினீர்களா” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அசல் என்றால் வரி, போலி என்றால் பறிமுதல். இத்தாலி வழியாக வருபவர்களுக்கு இன்னும் கடினம். அங்கே போலி வாங்கியவருக்கே 300 முதல் 7,000 யூரோ வரை தண்டம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

அண்ணா, இங்கே வாழ்கிற ஒருவருக்கு ரொலெக்ஸின் விலை என்ன என்று தெரியும். உங்கள் குடும்ப நிலையும் அவருக்குத் தெரிந்திருக்கும். பெட்டியைத் திறந்த கணமே அவருக்கு விளங்கிவிடும். அசலைக் கடன்பட்டு வாங்கிவிட்டீர்களோ என்று பதறுவார், இல்லாவிட்டால் போலி என்று ஒதுக்குவார். இரண்டுமே நல்லதில்லை. அவருக்கு ரொலெக்ஸ்தான் வேண்டுமென்றால் ஒருநாள் அவரே இங்கே வாங்கிக்கொள்வார். பழையதைச் சோதித்து இரண்டு வருட உத்தரவாதத்தோடு விற்கிற திட்டத்தை ரொலெக்ஸே 2022 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது.

வங்கி முகப்பிலிருந்து எழுதியது:

நான் வங்கியில் வேலை செய்கிறேன். காசு விடயத்தை மட்டும் சொல்கிறேன்.

பாதிக் காசைக் கணக்கில் போடச் சொல்லும் இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இணையவழியில் போகும் காசு உடனே போய்ச் சேர்ந்துவிடும். பெறுபவர் சம்மதிக்காமல் எங்களால் அதைத் திருப்பி எடுத்துத் தர முடியாது. கண்ணீரோடு வந்து நிற்பவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தின் பெயர் ஒன்றாகவும் கணக்கின் பெயர் வேறொரு தனிநபருடையதாகவும் இருந்தால் நிச்சயமாக வேண்டாம்.

மீதியைப் பார்சல் வரும்போது கொடுப்பதும் பாதுகாப்பு ஆகாது. பொதுவாகக் கூரியர்காரர் காசை வாங்கிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுவார். உள்ளே பிளாஸ்டிக் மணிக்கூடு இருந்தாலும் அவர் பொறுப்பில்லை.

அந்தப் பக்கத்தில் “பக்க வெளிப்படைத்தன்மை” என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்றெல்லாம் முகநூலே அங்கே காட்டும். குழந்தை உடுப்பு விற்ற பக்கம் திடீரென்று மணிக்கூட்டுக் கடையாக மாறியிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். அவர்கள் போட்டிருக்கும் படத்தை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடை ஒன்றின் படமாக இருக்கும்.

போலிகளை விற்கும் வெளிநாட்டுத் தளங்களில் அட்டை இலக்கத்தைக் கொடுப்பது இன்னும் ஆபத்து. மணிக்கூடு வருகிறதோ இல்லையோ, அட்டை விவரம் யார் கைக்கோ போய்விடும். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தையோ அடையாள அட்டையின் படத்தையோ யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. பொய்யான வர்த்தகக் குறியோடு பொருள் விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் முறையிடுவதற்குக் கடையின் பெயரும் முகவரியும் உள்ள பற்றுச்சீட்டு வேண்டும். இப்படியான பக்கங்களில் அது கிடைக்காது. வரும் பற்றுச்சீட்டும் மணிக்கூட்டைப் போலவே போலி.

நிலாவெளிச் சுழியோடி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. சப்மரினர் சுழியோடிகளுக்காகச் செய்யப்பட்ட மணிக்கூடு. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் இடப்பக்கமாக மட்டுமே திரும்ப வேண்டும். தண்ணீருக்குள் எங்காவது தட்டுப்பட்டு அசைந்தாலும் மீதி நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. உயிர் காக்கும் ஏற்பாடு அது. நான் பார்த்த போலிகளில் வளையம் இரண்டு பக்கமும் தளர்வாகச் சுழன்றது. புறாத்தீவுப் பக்கம் நீந்த வருபவர்கள் சிலர் 300 மீட்டர் என்ற எழுத்தை நம்பி அதோடு இறங்குகிறார்கள். நான் கழற்றி வைக்கச் சொல்லிவிடுவேன். சர்வதேசத் தரப்படி சுழியோடி மணிக்கூட்டுக்குக் குறைந்தது 100 மீட்டர் வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் மழைக்கும் கை கழுவுவதற்கும் தாங்கும், நீச்சலுக்கு ஆகாது.

உவர்மலை அண்ணன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு அந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்டேன்: கடை முகவரி என்ன, செக்கன் முள் ஓடுவதைப் படம் பிடித்து அனுப்புவீர்களா? முகவரி வரவில்லை. “இது கொப்பி இல்லை, சுங்கத்தில் பிடிபட்ட அசல், இன்னும் இரண்டுதான் இருக்கிறது, இன்றே முற்பணம் போடுங்கள்” என்று பதில் வந்தது. முதலில் கொப்பி என்றவர்களே இப்போது அசல் என்கிறார்கள். ஒரு சதமும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன்.

மணிக்கூட்டு ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு லட்சத்துக்குள் மரியாதையான ஒன்று வாங்கலாமா? சீக்கோ நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். அம்மாவுக்குத்தான் தயக்கம். “வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் குறைவாக நினைப்பார்களோ” என்கிறார்.

பழைய மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

சுங்கத்தில் பிடிபட்டது, துறைமுகத்தில் கப்பல்காரர் அவசரத்துக்கு விற்றுவிட்டுப் போனது, வெளிநாட்டு உறவினர் விட்டுச் சென்றது. இந்த மூன்று கதைகளையும் என் அப்பா காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். அப்போது முலாம் பூசிய மணிக்கூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆள் நேரில் வருவார், இப்போது முகநூலில் வருகிறார். அனுப்பாமல் விட்டது பெரிய காரியம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். சவூதிக்கும் கட்டாருக்கும் போய் உழைத்தவர்கள் நம் ஊருக்குக் கொண்டுவந்தது சீக்கோவும் சிற்றிசனும்தான். கிண்ணியாவிலும் மூதூரிலும் அந்த மணிக்கூடுகளை அப்பாவிடமிருந்து மகன் வாங்கிக் கட்டியிருக்கிறான். இன்றைக்கும் என் மேசைக்கு வருகின்றன, துடைத்து எண்ணெய் இட்டால் ஓடுகின்றன. சீக்கோ 5 என்ற வகை 1963இல் வந்தது. மணிக்கூட்டைப் பற்றித் தெரிந்த எவரும், சுவிட்சர்லாந்தில் இருப்பவரானாலும், அதைக் குறைவாகப் பார்க்க மாட்டார். எந்த நாட்டிலும் திருத்தலாம், உதிரிப்பாகம் கிடைக்கும். உங்கள் தொகைக்குள் வரும் வகையை நேரில் போய்க் கேளுங்கள்.

ஆனால் சீக்கோ என்றதும் இணையத்தில் தேடத் தொடங்கிவிடாதீர்கள். அதிலும் ஏமாற்று உண்டு. பழைய சீக்கோ 5களைச் சேர்த்து, மும்பையில் டயலுக்குப் புது வண்ணம் பூசி, பல மெஷின்களின் பாகங்களை ஒன்றாகப் போட்டுப் “புதியது போல” என்று விற்கிறார்கள். நீலம், செம்மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கிற நிறம், தடித்துக் கசிந்த எழுத்து, மிகவும் மலிவான விலை என்றால் அதுதான். சீக்கோவின் டயலில் கீழ் ஓரத்தில் மிகச் சின்ன எழுத்தில் ஒரு மெஷின் இலக்கம் இருக்கும். பின்மூடியிலும் மெஷின் இலக்கம் இருக்கும். இரண்டும் ஒரே மெஷினைச் சொல்ல வேண்டும். பின்மூடியில் உள்ள தொடர் இலக்கத்தின் முதல் எண், செய்த வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். காசியோவின் மலிவான எஃப்-91டபிள்யூ மணிக்கூட்டுக்கே போலி வருகிறது என்றால் பாருங்கள். அதில் வலப்பக்கப் பொத்தானை மூன்று செக்கன் அழுத்திப் பிடித்தால் உண்மையானது நிறுவனத்தின் பெயரைத் திரையில் காட்டும். பல போலிகள் காட்டுவதில்லை.

ஆகவே அதிகாரம் பெற்ற விற்பனையாளரிடம் நேரில் போங்கள். கொழும்புக்குப் போக வேண்டியிருந்தால் இரவு ரயிலில் போய் வாருங்கள், அந்தச் செலவு வீண் இல்லை. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் தொடர் இலக்கமும் எழுதி வாங்குங்கள். சர்வதேச உத்தரவாதமா என்று கேளுங்கள். மாப்பிள்ளை வெளியே கொண்டுபோகப் போகிறார். பற்றுச்சீட்டின் பிரதி ஒன்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

கறுப்பு டயல் வேண்டுமென்று நீங்கள் ஆசைப்பட்டது தெரிகிறது. சீக்கோவிலும் கறுப்பு டயலோடு, சுற்று வளையத்தோடு அழகானவை இருக்கின்றன. தோல் பட்டி வேண்டாம், நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரம் நாறிவிடும். உருக்குச் செயின் எடுங்கள். மாப்பிள்ளையின் மணிக்கட்டு அளவை அவருடைய அம்மாவிடம் சொல்லி, நூல் சுற்றி அளந்து அனுப்பச் சொல்லுங்கள். வாங்கியதும் என்னிடம் கொண்டுவாருங்கள். அளவுக்கு மேலுள்ள கண்ணிகளைக் கழற்றித் தருகிறேன், காசு வேண்டாம். கழற்றிய கண்ணிகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள். இங்கே வெயிலில் கை சற்று வீங்கியிருக்கும், அங்கே குளிரில் சுருங்கும். அப்போது ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ தேவைப்படலாம்.